ஏஜென்சி ஆட்களுக்குப் பின்னால்: வாசகர் கேள்வி – பதில்

சேவை நிறுவனங்கள் தங்கள் வேலையின் ஒரு பகுதியை வெளிமுகமைகளிடம், பேச்சு வழக்கில் சொன்னால் ஏஜென்சிகளிடம், ஒப்படைப்பது குறித்து வாசகர்களிடமிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வங்கிக் கிளையின் காவலாளி ஏஜென்சி ஆள். ஏடிஎம் இயந்திரத்தில் பணம் நிரப்ப வருபவர் வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்தவர். கடன் அட்டை பற்றித் தொலைபேசியில் கேட்டால், பதில் சொல்பவர் மூன்றாவது நிறுவனத்தின் ஊழியர். பெரும் லாபம் ஈட்டும் வங்கி இப்படிப் பிரித்துக் கொடுப்பது சம்பளத்தை மிச்சப்படுத்தத்தானே? – வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் குறிப்பிட்ட மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. காவலாளியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே பெரிதும் சரி. பொதுத்துறை வங்கிகளில் கடைநிலை ஊழியருக்கும், வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் செய்துகொள்ளும் இருதரப்பு ஒப்பந்தத்தின்படியே ஊதியம் நிர்ணயிக்கப்படுகிறது. அகவிலைப்படி, விடுப்பு, மருத்துவ உதவி எல்லாம் அதில் அடங்கும். அதே கதவருகே ஏஜென்சி மூலம் நிறுத்தப்படுபவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய தொகைதான் கிடைக்கிறது. இந்த இடைவெளியே அங்கு முதல் காரணம். இதை நிர்வாகத் திறன் என்ற பெயரில் மூடி மறைப்பதற்கு நான் உடன்படவில்லை.

பணம் நிரப்புபவரின் கதை வேறு. இந்தப் பணிக்கென ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வகுத்த விதிகளைப் பாருங்கள். பணம் ஏற்றும் வண்டியில் ஆட்கள் அமரும் பகுதியும் பணப் பகுதியும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டிலும் கேமரா வேண்டும். ஓட்டுநரைத் தவிர, பணத்துக்குப் பொறுப்பான இருவரும் துப்பாக்கி ஏந்திய காவலர் இருவரும் உடன் செல்ல வேண்டும். ஒரு சிறு நகரத்தில் இரண்டே இயந்திரங்கள் வைத்திருக்கும் வங்கிக் கிளை, வாரத்துக்கு ஓரிரு முறை பணம் நிரப்புவதற்காக இத்தனையையும் சொந்தமாக வைத்துக்கொண்டால், அந்த வண்டியும் ஐந்து பேரும் மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்க வேண்டியதுதான். ஏஜென்சியின் வண்டியோ காலையில் புறப்பட்டு, ஒரே தடத்தில் இருக்கும் பல வங்கிகளின் இயந்திரங்களுக்குப் பணம் நிரப்பிவிட்டுத் திரும்புகிறது. இங்கே யாருடைய சம்பளமும் குறைக்கப்படாமலே செலவு குறைகிறது. சும்மா இருக்கும் நேரத்தைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்வதால் வரும் மிச்சம் அது. வேலையை வெளிமுகமையிடம் கொடுப்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

தொலைபேசியில் பதில் சொல்லும் பணியை வெளியே கொடுப்பதற்குக் காரணம் வேலையின் ஏற்ற இறக்கம். கட்டணம் செலுத்த வேண்டிய கடைசி நாளை ஒட்டி அழைப்புகள் குவியும். மற்ற நாட்களில் பாதி இருக்கை காலியாக இருக்கும். உச்ச நாளுக்கேற்ப ஆள் எடுத்தால் மற்ற நாட்களில் வேலை இருக்காது. சராசரி நாளுக்கேற்ப எடுத்தால் உச்ச நாளில் வாடிக்கையாளர் அரை மணி நேரம் இசை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பல நிறுவனங்களின் அழைப்புகளைச் சேர்த்துக் கையாளும் ஒரு மையத்தால் இந்த மேடுபள்ளத்தை ஓரளவு சமன்செய்ய முடிகிறது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் பொருளியல் கேள்வியை ரொனால்டு கோஸ் 1937-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் எழுப்பினார். சந்தையில் எல்லாவற்றையும் விலைக்கு வாங்க முடியும் என்றால், நிறுவனம் என்று ஒன்று எதற்கு என்பதே அவர் கேட்டது. வெளியாளைத் தேடுவதற்கும், விலை பேசுவதற்கும், ஒப்பந்தம் எழுதுவதற்கும், எழுதியபடி நடக்கிறதா என்று கண்காணிப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவு அதிகமாக இருக்கும் வேலைகள் நிறுவனத்துக்குள்ளேயே நடக்கின்றன, குறையும்போது வெளியே போகின்றன என்பது அவர் கண்ட விடை. 1991-ல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. கடந்த 30 ஆண்டுகளில் கணினியும் இணையமும் தொலைபேசியும் கண்காணிக்கும் செலவை வெகுவாகக் குறைத்துவிட்டன. எந்த இயந்திரத்தில் எத்தனை நோட்டுகள் மிச்சம் இருக்கின்றன என்பதை மும்பையில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாத காலத்தில், தஞ்சாவூர் இயந்திரத்தை ஒரு வெளியாளிடம் ஒப்படைக்க எந்த வங்கிக்கும் துணிவு வந்திருக்காது.

கடவுச்சீட்டு சேவை மையத்தில் என் கைரேகையையும் புகைப்படத்தையும் பதிவு செய்தவர் அரசு ஊழியர் அல்லர், தனியார் நிறுவன ஊழியர் என்று பிறகுதான் அறிந்தேன். இவ்வளவு முக்கியமான வேலையை எப்படி வெளியே கொடுக்கலாம்? – வாசகர், சேலம்

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் இல்லை என்பதால், உங்கள் கேள்விக்கு நன்றி.

வெளியுறவு அமைச்சகம் 2008-ல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, அதன் அடிப்படையில் நாடெங்கும் 77 மையங்களைத் திறந்தது. நீங்கள் அங்கு கடந்துவந்த மூன்று கவுண்டர்களை நினைவுபடுத்திப் பாருங்கள். ‘ஏ’ கவுண்டரில் ஆவணங்களை வருடி எடுத்து, புகைப்படமும் கைரேகையும் பதிந்தவர் தனியார் நிறுவன ஊழியர். ‘பி’ கவுண்டரில் உங்கள் அசல் ஆவணங்களைக் கையில் வாங்கிச் சரிபார்த்தவர் அரசு அதிகாரி. ‘சி’ கவுண்டரில் கடவுச்சீட்டு வழங்கலாமா என்று முடிவெடுத்தவரும் அரசு அதிகாரி. காவல்துறை விசாரணை மாநில அரசின் கையில் இருக்கிறது. கட்டடம், கணினி, வரிசை ஒழுங்கு, தரவுப் பதிவு ஆகியவை ஒரு பக்கம்; ஒரு குடிமகனின் உரிமையைப் பற்றிய தீர்மானம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்திருக்கிறார்கள்.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2006 நவம்பரில் கிழித்த கோடும் இதே இடத்தில்தான் செல்கிறது. உள் தணிக்கை, விதிகளைப் பின்பற்றுவதை உறுதிசெய்யும் பணி, கணக்குத் தொடங்க வருபவர் உரிய அடையாள விதிகளை நிறைவு செய்கிறாரா என்ற முடிவு, கடன் ஒப்புதல், முதலீட்டு நிர்வாகம் ஆகியவற்றை வெளியே கொடுக்கக் கூடாது என்றது அந்த வழிகாட்டுதல். படிவம் வாங்க ஏஜென்சி ஆள் வீட்டுக்கு வரலாம். கடன் தரலாமா என்று அவர் சொல்லக் கூடாது.

ஆனாலும் காகிதத்தில் நேராக ஓடும் கோடு கவுண்டரில் சில நேரம் வளைந்துவிடுகிறது. முதல் கவுண்டரில் இருப்பவர், “இந்த முகவரிச் சான்று செல்லாது, வேறு கொண்டு வாருங்கள்” என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவர் எடுத்ததும் ஒரு முடிவுதான். எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து வந்தவருக்கு அது தெரியாது. அப்படி நேர்ந்தால், மையத்தில் இருக்கும் அரசு அதிகாரியிடம் பேச வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். வெளியே கொடுக்கப்பட்ட ஒவ்வொரு முன்வரிசை வேலையிலும் இந்தக் கசிவு இருக்கிறது. ஒப்பந்தம் எழுதுபவர்கள் கவனிக்கத் தவறும் இடமும் இதுவே.

நாங்கள் 60 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை நடத்துகிறோம். துப்புரவுப் பணியை ஏஜென்சியிடம் விட்டால் கணிசமாக மிச்சமாகும் என்று ஒரு நிறுவனம் விலைப்புள்ளி தந்திருக்கிறது. ஏற்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஒரு துப்புரவுப் பணியாளரின் மாத ஊதியத்தை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலையளிப்பவர் தரப்பில் வருங்கால வைப்பு நிதிக்கு, நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து, 13 சதவீதம்: 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம்: ஏறத்தாழ 488. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம்: ஏறத்தாழ 1,249. ஆக 18,687 ரூபாய். அவரை நீங்களே வேலைக்கு வைத்தால் உங்கள் செலவு இதுதான்.

அதே பணியாளரை அதே ஊதியத்துக்கு ஏஜென்சி அனுப்பினால், இதன்மேல் அவர்களுடைய சேவைக் கட்டணம் சேரும். 8 சதவீதம் என்று கொண்டால் 20,182 ரூபாய். ஆள் அனுப்பும் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது முழுத் தொகைக்கும், அதாவது அவருடைய ஊதியத்துக்கும் வைப்பு நிதிக்கும் சேர்த்தே விதிக்கப்படும். ஆக 23,815 ரூபாய். மென்பொருள் நிறுவனமாக இருந்தால் இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் உங்களால் அப்படி எடுக்க முடியாது. அது முழுக்கச் செலவாகவே நிற்கும். எனவே சட்டப்படி எல்லாவற்றையும் செலுத்தும் ஏஜென்சி, தலைக்கு ஏறத்தாழ 5,128 ரூபாய் உங்களுக்குக் கூடுதல் செலவு வைக்கும்.

இருந்தும் உங்களிடம் வந்த விலைப்புள்ளி குறைவாக இருக்கிறது என்றால், அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. அது நியாயமான இடத்திலிருந்தும் வரலாம். ஒரு வார்டில் நாள் முழுவதும், வாரம் முழுவதும் ஒருவர் பணியில் இருக்க வேண்டுமானால் வாரத்துக்கு 21 ஷிப்டுகள். ஒருவர் ஆறு ஷிப்டுகள் செய்வார். ஆக ஓர் இடத்துக்கு மூன்றரை பேர், விடுப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு பேர் தேவை. சிறிய மருத்துவமனை இந்த மாற்று ஆட்களைச் சும்மா வைத்திருக்க வேண்டியிருக்கும். பத்து இடங்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி அவர்களை இடம் மாற்றிப் பயன்படுத்தும். தரை கழுவும் இயந்திரம், நல்ல மேற்பார்வையாளர், சரியான பணி அட்டவணை ஆகியவற்றால் ஐந்து பேர் வேலையை நான்கு பேர் செய்யவும் கூடும். இவையெல்லாம் உண்மையான மிச்சங்கள்.

உண்மையற்ற மிச்சத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது, ஏஜென்சியின் மாத பில்லோடு வைப்பு நிதி செலுத்திய பட்டியலும் இணைக்கப்பட்டு வரும். யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு மாதம் வருகைப் பதிவேட்டையும் அந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக டிக் அடித்துக்கொண்டு வந்தேன். பதிவேட்டில் 42 பேர்; பட்டியலில் 31 பேர். பதினொரு பெண்களின் வைப்பு நிதியை மருத்துவமனை மாதாமாதம் பில்லில் கொடுத்துக்கொண்டிருந்தது. அது அவர்கள் கணக்குக்குப் போகவே இல்லை. அந்தப் பதினொரு பேரும் ஒவ்வொரு நாளும் எங்கள் அறையைத்தான் துடைத்துவிட்டுப் போனார்கள் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் எந்த ஏஜென்சியை எடுத்தாலும், இந்தச் சரிபார்ப்பு முடியாமல் ஒரு பில்லுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது தரம். ஜி.எஸ்.டி.யைவிட இதுவே உங்களுக்கு முக்கியம் என்று கருதுகிறேன். 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, இரத்தம் தோய்ந்த கட்டுத்துணி மஞ்சள் பையிலும், சலைன் குழாய் சிவப்புப் பையிலும், ஊசி துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டியிலும் போக வேண்டும். இதைச் சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து ஒரே நாளில் கற்கலாம். ஆனால் நள்ளிரவில், அவசர சிகிச்சை முடிந்த அறையில், தவறில்லாமல் செய்வதற்குப் பழக்கம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் ஏஜென்சியில் அந்தப் பழக்கம் யாரிடமும் தங்குவதில்லை.

ஆகவே, சலவை, தோட்டம், உணவகம், வாகன நிறுத்தம் ஆகியவற்றை வெளியே கொடுங்கள். வராந்தாவும் புறநோயாளிப் பகுதியும்கூடப் போகட்டும். அறுவை அரங்கையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் துடைப்பவர்களை உங்கள் ஊழியர்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். அது இயலாவிட்டால், அந்த இடங்களில் பயிற்சி பெற்றவர்களை உங்கள் ஒப்புதல் இன்றி மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஏர்டெல் நிறுவனம் தன் நெட்வொர்க்கையே வெளியே கொடுத்ததாகப் படித்தேன். தொலைபேசி நிறுவனத்துக்கு அதுதானே உயிர்? – கல்லூரி மாணவர், சென்னை

2004-ல் பாரதி ஏர்டெல் தன் கைபேசி நெட்வொர்க்கை அமைத்துப் பராமரிக்கும் பணியை எரிக்சன், நோக்கியா, சீமென்ஸ் ஆகிய நிறுவனங்களிடமும், தகவல் தொழில்நுட்பப் பணிகளை ஐ.பி.எம். நிறுவனத்திடம் பத்தாண்டு ஒப்பந்தத்திலும் ஒப்படைத்தது. அதைக் கேட்டுத் தொழில்துறையே திகைத்தது உண்மை.

காரணத்தைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். சந்தாதாரர் எண்ணிக்கை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் விலை கேட்டு, பேரம் பேசி, கருவி வாங்க வேண்டியிருந்தது. கருவி விற்பவருக்கு அதிகமாக விற்பதில்தான் லாபம். வாங்கியது பயன்படாமல் கிடந்தால் நட்டம் ஏர்டெலுக்கு. புதிய ஒப்பந்தம் இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டது. கருவிகளின் எண்ணிக்கைக்குப் பணம் என்ற முறை போய், பயன்பாட்டுக்கு வந்த அழைப்புத் திறனுக்குப் பணம் என்று ஆனது, ஐ.பி.எம்.முக்கு வருவாயில் ஒரு பங்கு என்று பேசப்பட்டது. தேவைக்கு மேல் கருவியைக் கொண்டுவந்து இறக்கினால் இனி விற்பவருக்கே நட்டம்.

சந்தாதாரர், விலைத் திட்டம், விளம்பரம், அலைக்கற்றை, நிதி ஆகியவற்றை ஏர்டெல் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. நெட்வொர்க்கை நடத்துவதில் எரிக்சனைவிடத் தான் சிறந்ததாக ஒருபோதும் ஆக முடியாது, இந்திய வாடிக்கையாளரை அறிவதில் எரிக்சனால் தன்னை மிஞ்ச முடியாது என்பதே அந்த முடிவின் உட்பொருள். 2007-ல் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் போட்டியாளர்களாக இருந்துகொண்டே இண்டஸ் டவர்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கிக் கோபுரங்களைப் பகிர்ந்துகொண்டதும் இதே சிந்தனையின் தொடர்ச்சி. தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்ன பண வண்டியும் இந்தக் கோபுரமும் ஒன்றுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். பயன்பாடு ஏறிக்கொண்டே இருந்த காலத்தில் இரு தரப்பின் லாபமும் ஒரே திசையில் போனது. வேலை சுருங்கும் தொழிலில் இதே ஒப்பந்தத்தை எழுதினால் இரு தரப்பும் ஒவ்வொரு பில்லுக்கும் சண்டையிட்டுக்கொள்வார்கள்.

சென்னையில் வெளிநாட்டு வங்கிகளும் நிறுவனங்களும் நடத்தும் அலுவலகங்கள் எல்லாம் அவுட்சோர்சிங்தானா? – வாசகி, மதுரை

எல்லாம் அல்ல. வேலை வேறு நாட்டுக்குப் போவது ஒன்று. வேறு நிறுவனத்துக்குப் போவது வேறொன்று. உலக வங்கி 2001-ல் சென்னையில் தொடங்கிய அலுவலகம் அதன் கணக்கு வேலைகளைக் கவனிக்கிறது. அங்கு இருப்பவர்கள் உலக வங்கியின் ஊழியர்களே. இடம் மாறியது, முதலாளி மாறவில்லை. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் அழைப்புகளை ஒரு இந்திய நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு கையாண்டால்தான் அது அவுட்சோர்சிங்.

வெளியே கொடுத்த வேலை கெட்டுப்போனால் யார் பொறுப்பு? கேட்டால் “அது ஏஜென்சியின் தவறு” என்கிறார்களே? – வாசகர், திருநெல்வேலி

பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் 1997-ல் லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் இருந்த தன் உணவுத் தயாரிப்புப் பிரிவை கேட் கூர்மே என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதனிடமிருந்தே உணவு வாங்கத் தொடங்கியது. விமானம் ஓட்டுவதே தன் தொழில், சமைப்பது அன்று என்பது அதன் வாதம்; கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. 2005 ஆகஸ்ட் 10 அன்று கேட் கூர்மே ஏறத்தாழ 670 தொழிலாளர்களை ஒரே அடியாக வேலையிலிருந்து நீக்கியது. அவர்களில் பெரும்பாலோர் தெற்காசிய வம்சாவளியினர். சவுத்ஹால் பகுதியிலிருந்து வேலைக்கு வந்த பஞ்சாபிப் பெண்கள் ஏராளம். அவர்களின் உறவினரும் அக்கம்பக்கத்தவரும் பிரிட்டிஷ் ஏர்வேஸிலேயே மூட்டை ஏற்றும் பணியில் இருந்தார்கள். மறுநாள் அவர்கள் ஆதரவாக வேலையை நிறுத்தினார்கள். விமானங்கள் தரையில் நின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள்.

ஒப்பந்தத்தின்படி அந்தத் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஊழியர்கள் அல்லர். ஆனால் விமான நிலையத் தரையில் படுத்திருந்த பயணியின் கையில் இருந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸின் சீட்டு. உணவு பக்க வேலையாக இருக்கலாம். அது ஒரே இடத்திலிருந்து வந்தபோது, அந்த இடம் நின்றால் முதன்மை வேலையும் நின்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களைத் தருவதாக ஒப்புக்கொண்ட ஜி4எஸ் நிறுவனம் கடைசி வாரங்களில் கைவிரித்தபோது, பிரிட்டன் அரசு 3,500 ராணுவ வீரர்களைக் கூடுதலாக அழைக்க வேண்டியிருந்தது. அழைப்பதற்கு ராணுவம் இருந்தது. சாதாரண நிறுவனத்துக்கு அப்படி எதுவும் இருக்காது. வேலை தெரிந்த ஆட்களை முழுவதுமாக அனுப்பிவிட்டு, அந்த வேலையைத் திரும்ப எடுத்துச் செய்யும் வழியையே மறந்துவிட்ட நிறுவனம், அடுத்த ஒப்பந்தத்தில் ஏஜென்சி சொல்லும் விலைக்குத் தலையாட்டத்தான் வேண்டும்.

உங்கள் கேள்வியின் நேர் பகுதிக்கு: வேலையை வெளியே கொடுத்ததால் வாடிக்கையாளரிடம் வங்கிக்கு இருக்கும் கடமை குறைந்துவிடாது என்பதே ரிசர்வ் வங்கியின் நிலை. “அது ஏஜென்சி” என்ற பதிலை ஏற்காதீர்கள். புகாரை வங்கியின் பெயருக்கே எழுதுங்கள். உரிய காலத்தில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அமைப்புக்குச் செல்லுங்கள்.

ஏழு வருடமாக ஒரே அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். இதற்குள் ஏஜென்சி மூன்று முறை மாறிவிட்டது. சீருடை நிறம்தான் மாறியது, நான் துடைக்கும் தரை மாறவில்லை. நான் யாருடைய ஊழியர்? – வாசகி, ஆவடி

அம்மா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் முதலில் படித்தேன். பதில் எழுதக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாக் கணக்குகளின் மறுபக்கமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

சட்டம் உங்களை ஒப்பந்ததாரரின் ஊழியர் என்கிறது. ஆனால் அலுவலகத்தை அது முழுவதுமாக விட்டுவிடவில்லை. ஒப்பந்ததாரர் ஊதியம் கொடுக்கத் தவறினால், முதன்மை வேலையளிப்பவரான அந்த அலுவலகமே கொடுக்க வேண்டும் என்று 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் இடத்தில் வந்திருக்கும், 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. அதே தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் மையமான வேலையில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, துப்புரவு, காவல், உணவகம் போன்றவற்றை மையமற்ற வேலைகள் என்று ஒதுக்கிவைக்கிறது. உங்கள் வேலை அந்த ஒதுக்கீட்டில் விழுகிறது. ஏழு ஆண்டுகளாக ஒரு நாளும் நிற்காமல் நடக்கும் வேலையை இப்படி ஓரத்தில் வைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட வேலையிலும்கூட, தொழிலாளர் தாமாகவே அலுவலகத்தின் நிரந்தர ஊழியர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் செயில் நிறுவனம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு ஒரு கதவையும் திறந்து வைத்தது: ஒப்பந்தம் வெறும் முகமூடி என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிறுவப்பட்டால், அவர் அலுவலகத்தின் ஊழியராகவே கருதப்படுவார். உங்களுக்கு யார் விடுப்பு தருகிறார், தினமும் யார் வேலை சொல்கிறார், தவறு செய்தால் யார் நடவடிக்கை எடுக்கிறார் என்பவற்றை அங்கே பார்ப்பார்கள். மூன்றுக்கும் விடை அலுவலகத்து அதிகாரி என்றால், ஒரு தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் வழக்கறிஞரையோ பார்ப்பது பயனளிக்கும்.

பணிக்கொடையில்தான் ஏஜென்சி மாற்றம் உங்களைப் போன்றவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது. ஒவ்வொரு ஏஜென்சியும் தன்னிடம் சேர்ந்த நாளிலிருந்து மட்டும் கணக்கிடுவதால், ஏழு ஆண்டு உழைத்தும் பணிக்கொடைக்குத் தேவையான ஐந்து ஆண்டு எவரிடமும் நிறைவதில்லை என்று கைவிரிக்கிறார்கள். இதை அவர்கள் சொல்லே இறுதி என்று விட்டுவிட வேண்டாம். பணிக்கொடை கோரிக்கைகளை விசாரிக்கத் தொழிலாளர் துறையில் தனி அதிகாரி இருக்கிறார், அவரிடம் எழுத்தில் கோரலாம்.

வைப்பு நிதிக்கான உங்கள் யூ.ஏ.என். எண் ஏஜென்சி மாறினாலும் மாறக் கூடாது, இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணும் அப்படியே. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதிய எண் போட்டுவிட்டார்களா என்று உங்கள் கைபேசியிலோ, பிள்ளைகளின் உதவியுடனோ பார்த்துவிடுங்கள். மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். நான்கு ஏஜென்சிகளின் பெயர், ஒவ்வொன்றிலும் நீங்கள் சேர்ந்த தேதி, மாறிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பழைய அடையாள அட்டைகள், சம்பளச் சீட்டுகள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். சீருடையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டையைக் கேட்டால், அதை இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்ட பிறகு கொடுங்கள்.